ஓடும்போது கிட்னி என்ன செய்கிறது? ‘ரெனின்’ கண்டுபிடித்த டிகர்ஸ்டெட்டின் கதை

வேகமாக ஓடினால் இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்த்துக் கொட்டும். இது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் சிறுநீரகமும் சும்மா இருப்பதில்லை. ‘ரெனின்’ என்ற பொருளை ரத்தத்தில் கலக்கிறது. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் என்று தினமும் நம்மூரில் பலர் போடும் பிரஷர் மாத்திரைகள் வேலை செய்வது, இந்த ரெனின் தொடங்கிவைக்கும் பாதையில்தான். ஆனால் அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் மருத்துவப் படிப்புக்கு வெளியே பெரிதாகத் தெரியாது.

யார் இந்த டிகர்ஸ்டெட்?

ராபர்ட் டிகர்ஸ்டெட் 1853-ல் ஹெல்சிங்கியில் பிறந்தார். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. மருத்துவம் படித்து, உடலியங்கியல் பக்கம் திரும்பி, 1886-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர் ஆனார். ரத்த ஓட்டம்தான் அவருடைய முக்கியத் துறை.

அந்தக் காலத்தில் உடல் உறுப்புகளை அரைத்துச் சாறெடுத்து ஊசியில் ஏற்றிப் பார்ப்பது ஆய்வாளர்களிடையே ஒரு மோகமாகவே இருந்தது. பாதி அறிவியல், பாதி கைவைத்தியம். ஆனால் உறுப்புகள் ரத்தத்துக்குள் எதையோ சுரக்கின்றன என்ற அடிப்படை யோசனை சரியானது. சிறுநீரகமும் அப்படிச் சுரக்கிறதா? 1896-ல் பெர் பெர்க்மன் என்ற மாணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு டிகர்ஸ்டெட் சோதித்துப் பார்த்தார்.

முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறொரு முயலின் ரத்தநாளத்தில் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதிச் சாறு மட்டுமே வேலை செய்தது. உட்பகுதிச் சாற்றுக்கு அந்த வீரியம் இல்லை. கொதிக்க வைத்தால் வெளிப்பகுதிச் சாறும் செத்துப்போனது. இந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்து, 1898-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அதன்பிறகு? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் செய்து பார்த்தபோது முடிவு ஒரே மாதிரி வரவில்லை. பெர்க்மன் ஆய்வகத்தை விட்டுப் போனார். டிகர்ஸ்டெட்டே அதைத் தொடரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. மனிதர்கள் உள்ளே உட்காரக்கூடிய பெரிய அறை ஒன்றை அமைத்து, அவர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை அளந்து, உடல் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று கணக்குப் போட்டார். 1901-ல் ஹெல்சிங்கிக்கே திரும்பினார். நோபல் குழுவுக்காக ரஷ்யா போய் பாவ்லோவின் ஆய்வகத்தை நேரில் பார்த்தார். பாவ்லோவுக்கு 1904-ல் பரிசு கிடைத்தது.

1918-ல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர் முடிந்தது. தோற்ற செம்படையினர் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். டம்மிசாரி முகாமின் நிலைமையை ஆராய்ந்த டிகர்ஸ்டெட், உணவு போதவில்லை என்பதைப் பூசி மெழுகாமல் அறிக்கையில் எழுதினார். அது ஸ்வீடன் பத்திரிகைகளுக்குப் போய், வெளியுலகம் பேச ஆரம்பித்தது. ரெனினைவிட இதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய காரியம் என்றுகூடச் சொல்லலாம்.

1923-ல் அவர் இறந்தபோது ரெனினை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1934-ல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் என்பவர், நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு இறுக்கினார். ரத்த அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. அப்போதுதான் பழைய கட்டுரையைத் தூசி தட்டினார்கள்.

சரி, உடற்பயிற்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஓடும்போது கால் தசைகளுக்கு ரத்தம் நிறைய வேண்டும். அதைக் கொடுக்க, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை உடல் குறைத்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் போவது, கடும் பயிற்சியில் கால்வாசியாகக்கூட இறங்கிவிடும். கூடவே பரிவு நரம்புகள் சிறுநீரகத்தைத் தூண்ட, ரெனின் வெளியே வருகிறது. கறாராகப் பார்த்தால் ரெனின் ஒரு நொதி. கல்லீரல் தரும் ஒரு புரதத்தை அது வெட்ட, ஆஞ்சியோடென்சின் உருவாகிறது. அது ரத்தக்குழாயைச் சுருக்கும். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் தூண்டிவிடும். ஆல்டோஸ்டிரோன் சிறுநீரில் உப்பு வீணாகாமல் பிடித்துவைக்கும். வியர்வையில் உப்பும் நீரும் போய்க்கொண்டிருக்கும்போது பிரஷர் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

மெதுவாக நடந்தால் ரெனின் பெரிதாக ஏறாது. வேகம் கூடக் கூட ஏறும். பயிற்சியை நிறுத்தி ஓய்வெடுத்தால் மெல்லப் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஏற்றம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் ரெனினை வெளியே விடச்சொல்லும் நரம்பின் சமிக்ஞையையே அந்த மாத்திரை தடுத்துவிடுகிறது.