உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்த பெண் டாக்டர்

அவர் ஒரு டாக்டர். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் நிபுணராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். மேற்கொண்டு பயிற்சியும் பெற்றுக்கொண்டிருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஒரே ஒரு விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. கால்கள் மரக்கட்டை ஆயின.

அதற்குப் பிறகு அவர் 32 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஆபரேஷன் செய்தார். கடல் கடந்து போய்ப் படித்தார். தன்னைப் போல முதுகு ஒடிந்தவர்களுக்காக வேலூரில் ஒரு வைத்தியப் பிரிவையே நடத்தினார்.

அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சிப் பெண்

கேரளத்தில் கொச்சிக்குப் பக்கத்தில் செறாய் என்று ஓர் ஊர். கடலோர ஊர். அங்கே வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில், 1925-ம் ஆண்டு மேரி பிறந்தார்.

மருத்துவம் படிக்க அவர் வேலூருக்கு வந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அமெரிக்க டாக்டர் அம்மையார் ஐடா ஸ்கடர் தோற்றுவித்தது. 1900-ம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வைத்தியசாலை அது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆயிற்று. பிறகு பெரிய கல்லூரியாக வளர்ந்தது.

மேரி படித்து முடித்தார். அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். எல்லாம் நல்லபடியாகவே நடந்துகொண்டிருந்தது.

வண்டி உருண்டது

1954-ம் ஆண்டு. இளம் டாக்டர்கள் சிலர் ஒரு ஸ்டேஷன் வேகனில் புறப்பட்டார்கள். மேரியும் அதில் இருந்தார்.

முன்னால் போன பஸ்சை முந்தும்போது வண்டி சாலையை விட்டு விலகியது. கரையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

மேரியின் முகம் கன்னத்திலிருந்து தாடை வரை கிழிந்துவிட்டது. பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் பெரிய ஆபத்து முகத்தில் இல்லை. அது முதுகில் இருந்தது.

இது பல விபத்துகளில் நடப்பதுதான். ரத்தம் கொட்டும் காயம் கண்ணைப் பறித்துக்கொள்ளும். முதுகெலும்பு ஒடிந்தால் ரத்தம் வெளியே வராது. தோல்கூடக் கிழிந்திருக்காது. ஆகவே, பெரிய விபத்தில் சிக்கியவரின் முதுகையும் கழுத்தையும் ஒடிந்தவை என்றே முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒடியவில்லை என்று உறுதியான பிறகுதான் நோயாளியைப் புரட்டலாம், உட்கார வைக்கலாம்.

முதுகுக்குள்ளே என்ன இருக்கிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. ஆக 24 எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அதற்கும் கீழே ஒட்டிப்போன சில எலும்புகள் உண்டு.

ஒவ்வொரு எலும்பின் பின்புறத்திலும் ஒரு வளையம் இருக்கிறது. வளையங்கள் வரிசையாக நின்று ஒரு குழாய் ஆகின்றன. அந்தக் குழாய்க்குள் ஓடுகிறது தண்டுவடம். சுண்டு விரல் பருமன். சுமார் ஒன்றரை அடி நீளம். மூளை இடும் கட்டளை கால்களுக்குப் போவது அதன் வழியாகத்தான். முள் குத்திய வலி மூளைக்குப் போவதும் அதன் வழியாகத்தான்.

எலும்பு ஒடிந்தால் கூடிவிடும். தண்டுவடம் அறுந்தால் கூடாது. முதுகு ஒடிந்தவரின் கதை முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கியிருக்கிறது.

மார்பு எலும்புகளும் இடுப்பு எலும்புகளும் சேரும் இடத்தில்தான் முறிவு அதிகம். மேலே விலா எலும்புகள் கூண்டு போலத் தாங்குகின்றன. கீழே இடுப்பு நன்றாக வளைகிறது. அசையாத பகுதியும் அசையும் பகுதியும் சந்திக்கும் அந்த இடத்தில் அதிர்ச்சி முழுவதும் இறங்குகிறது.

எக்ஸ்ரே காட்டுவது

எக்ஸ்ரே கதிரை ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895-ம் ஆண்டு நவம்பரில் கண்டுபிடித்தார். அவர் முதலில் எடுத்த படங்களுள் ஒன்று அவருடைய மனைவியின் கை. அதில் விரல் எலும்பும் மோதிரமும் தெரிந்தன. உடலைக் கத்தியால் கீறாமலே உள்ளே பார்க்கலாம் என்பது அன்றைக்கு மந்திரம் போல இருந்தது.

எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது கதிரைத் தடுப்பதால் படத்தில் எலும்பு வெள்ளையாக விழும். சதை மங்கலாக விழும். காற்று கறுப்பாக விழும்.

முதுகை இரண்டு பக்கங்களிலிருந்து படம் எடுப்பார்கள். ஒன்று நேராக, இன்னொன்று பக்கவாட்டில். பக்கவாட்டுப் படத்தில் நல்ல எலும்பு சதுரமாக இருக்கும். முன்பக்கம் நசுங்கினால் தச்சர் அடிக்கும் ஆப்பு மாதிரி ஆகிவிடும். நேர்ப் படத்தில் ஒவ்வொரு எலும்பும் ஆந்தை முகம் போலத் தெரியும். இரண்டு பக்கமும் இரண்டு வட்டக் கண்கள்! மேலும் கீழும் உள்ள எலும்புகளைவிட ஓர் எலும்பில் மட்டும் கண்கள் விலகி நின்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். அந்த எலும்பு வெடித்திருக்கிறது. அதன் துண்டுகள் தண்டுவடக் குழாய்க்குள் பாய்ந்திருக்கலாம்.

டாக்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த முறிவு நிற்குமா, நழுவுமா? முன்பக்கம் மட்டும் நசுங்கி, பின்பக்கக் கட்டு உறுதியாக இருந்தால் பெரும்பாலும் பயம் இல்லை. ஓய்வும் பட்டையும் போதும். கட்டு முழுவதும் குலைந்திருந்தால் சிறிய அசைவுகூடத் தண்டுவடத்தை அறுத்துவிடும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. அடி விழுந்த நொடியில் எலும்பு எவ்வளவு தூரம் விலகியது என்றும் காட்டாது. விலகிய எலும்பு திரும்ப ஓரளவு தன் இடத்துக்கு வந்திருக்கும். படத்தில் காயம் சிறியதாகத் தெரியும். ஆனால் தண்டுவடம் அதற்குள் நசுங்கிப்போயிருக்கும். ஆகவே, கால் விரலை அசைக்கச் சொல்லியும், ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தும்தான் டாக்டர்கள் உண்மையைத் தெரிந்துகொள்வார்கள்.

மேரியின் கால்கள் அசையவில்லை.

படுக்கைதான் எமன்

இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் முன்பெல்லாம் நீண்ட நாள் வாழ்ந்ததில்லை. முதல் உலக யுத்தத்தில் முதுகு ஒடிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கோளாறும்தான்!

உணர்ச்சி இல்லாத தோல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால், சில மணி நேரத்திலேயே ரத்தம் ஓடாமல் அழுகத் தொடங்கும். நோயாளிக்கு வலி தெரியாது. சிறுநீர் தேங்கி, கிருமி சேர்ந்து, சிறுநீரகம் கெடும்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-ம் ஆண்டு இதை மாற்றத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் அவர். இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீரை வெளியேற்றும் குழாயைக் கிருமி படாமல் கையாளச் செய்தார். நோயாளிகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைப் பந்து விளையாட வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக் போட்டி.

ஆனால் மேரி விழுந்த காலத்தில் இந்தியாவில் இப்படிப்பட்டவர்களை உள்ளே வைத்துப் பழக்கி அனுப்ப ஒரு வைத்தியப் பிரிவு கிடையாது. மேரி பல மாதம் படுக்கையில் கிடந்தார். மெல்ல மெல்லச் சக்கர நாற்காலியில் உட்காரும் நிலைக்கு வந்தார்.

உட்கார்ந்து என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட்.

கை இருக்கிறதே!

பிராண்ட் ஆங்கிலேயர், பிறந்தது நம் நாட்டில். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்தவர். நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாரை இடம் மாற்றி, செயலற்ற விரலுடன் இணைப்பது அந்த முறை.

பெண்கள் வைத்தியத்தில் ஆபரேஷன் செய்ய டாக்டர் நிற்க வேண்டும். கையில் செய்யும் ஆபரேஷன் அப்படி அல்ல. கால் நன்றாக உள்ள டாக்டரும் உட்கார்ந்துதான் செய்கிறார். இதைப் பிராண்ட் எடுத்துக் காட்டினார். மேரி கற்றுக்கொண்டார்.

தொழுநோயாளிகளை அன்றைக்கு ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. அவர்கள் முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர் வந்து நின்றார். முகத்தில் தழும்பு, கால்களில் உயிர் இல்லை. அந்த டாக்டர் தங்கள் கையைப் பிடித்து ஆராய்வதைப் பார்த்தபோது, நோயாளிகளுக்கு மருந்தே தேவையில்லாத ஒரு தைரியம் வந்தது.

பெர்த், நியூயார்க்

இதோடு நின்றிருந்தாலே போதும். மேரி நிற்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போனார். முதுகு ஒடிந்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் இடம் அங்கே இருந்தது. அங்கே அவர் டாக்டர் அல்ல, நோயாளி. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது போன்ற காரியங்களைக் கற்பதுதான் அந்தப் பயிற்சி. இது நம் நாட்டிலும் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது.

பிறகு அமெரிக்கா! நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் சேர்ந்து, மறுவாழ்வு மருத்துவத்தை முறையாகப் படித்தார். 1962-ம் ஆண்டு வேலூர் திரும்பினார்.

1963-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு அவர் தலைவர் ஆனார். நோயாளிகளை உள்ளே வைத்துப் பார்க்கும் இத்தகைய பிரிவு இந்தியாவில் அதுதான் முதல். அதே ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாறு அமெரிக்காவில் புத்தகமாக வெளிவந்தது. 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தனி நிலையமும் எழுந்தது.

இத்தகைய நிலையத்தில் செய்வது மாயம் அல்ல. தோள்களுக்கும் கைகளுக்கும் வலுவேற்றுவார்கள். கால்களுக்கு இரும்புச் சட்டம் கட்டி நிற்கப் பழக்குவார்கள். தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். சிறுநீரைத் தானே வெளியேற்றக் கற்றுக்கொடுப்பார்கள். வீட்டு வாசற்படியை எப்படிச் சரிவாக்குவது, பிழைப்புக்கு என்ன தொழில் பழகுவது என்பதெல்லாம் பாடம். வீட்டில் ஒருவருக்கும் சேர்த்தே பாடம். ஏனென்றால், நள்ளிரவில் திருப்பிப் படுக்க வைக்கப் போவது நர்சு அல்ல, மனைவியோ தாயோ அண்ணனோதான்.

புதிய கருவிகள்

மேரி உயிரோடு இருந்த காலத்திலேயே படம் பிடிக்கும் கலை மாறிவிட்டது. 1971-ல் லண்டனில் முதல் முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உடலைக் கேரட்டைப் போல வில்லை வில்லையாக அரிந்து காட்டும் கருவி அது. குழாய்க்குள் நுழைந்த எலும்புத் துண்டு இதில் பளிச்சென்று தெரியும். 1977-ல் மனித உடலை எம்.ஆர்.ஐ. முறையில் படம் பிடித்தார்கள். எக்ஸ்ரே காட்டாத தண்டுவடத்தையே அது காட்டுகிறது. வீக்கம், ரத்தக் கசிவு, கிழிந்த தசைநார் எல்லாம் தெரிகின்றன.

1983-ல் அமெரிக்க டாக்டர் பிரான்சிஸ் டெனிஸ், 400-க்கும் மேற்பட்ட முறிவுகளை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார். முதுகெலும்பை முன், நடு, பின் என்று மூன்று தூண்களாகப் பார்க்க வேண்டும். முன் தூண் மட்டும் நசுங்கினால் பெரும்பாலும் தாங்கும். நடுத் தூணும் போனால் கவலைப்பட வேண்டும். பிற்காலத்தில் வேறு கணக்குகளும் வந்தன. நழுவும் முறிவு என்றால் இப்போது திருகாணியும் கம்பியும் வைத்து இறுக்குகிறார்கள். நோயாளி சில நாளிலேயே எழுந்து உட்காருகிறார். மாதக்கணக்கில் படுக்கை தேவைப்படுவதில்லை.

முதுகில் ஓர் இடத்தில் முறிவு கண்டால் முழு முதுகையும் படம் எடுப்பது நல்லது. இன்னோர் இடத்திலும் ஒடிந்திருப்பது அபூர்வம் அல்ல. உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்தவர் குதிகால் வலி என்றுதான் வருவார். நல்ல டாக்டர் அவருடைய இடுப்பையும் சோதிப்பார். குதிகாலில் இறங்கிய அடி மேலே ஏறி முதுகை உடைத்திருக்கும்.

சாரத்திலிருந்து விழுந்தால்

சென்னையிலிருந்து காட்பாடி போகும் ரெயில் பாதை ஆவடி, வேப்பம்பட்டு, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போகிறது. காட்பாடியில் இறங்கினால் வேலூர். இந்தப் பாதையோரத்து ஊர்களில் வயல்கள் மனைகளாகி, வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கொத்தனாரும் சித்தாளும் சாரத்தில் ஏறி நிற்கிறார்கள். சாலையில் லாரிக்கு நடுவே மோட்டார் சைக்கிள் பறக்கிறது.

யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் கக்கத்தில் கை கொடுப்பார். ஒருவர் காலைத் தூக்குவார். நடுவில் முதுகு தொட்டில் போல வளையும். ஆட்டோவில் மடித்து உட்கார வைத்துப் பறப்பார்கள். ஒடிந்தும் அறுபடாமல் இருந்த தண்டுவடம் அந்த வண்டியிலேயே அறுந்துவிடக் கூடும்! உதவ வந்தவர்கள் நல்லவர்கள்தான். விஷயம் தெரியாது.

விழுந்தவருக்கு மூச்சு இருக்கிறது, பக்கத்தில் நெருப்போ வண்டியோ இல்லை என்றால், அவரை அசைக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். தலையை இரண்டு கைகளாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ளலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் மூன்று நாலு பேர் சேர்ந்து, தலையும் தோளும் இடுப்பும் காலும் ஒரே கோட்டில் இருக்க, மரத்தை உருட்டுவது போல ஒன்றாகத் திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறோம் என்று உட்கார வைக்கவே கூடாது.

பத்மஸ்ரீ

1972-ம் ஆண்டு இந்திய அரசு மேரி வர்கீசுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானார்.

பாகாயத்தில் உள்ள அந்த நிலையத்துக்கு இப்போது அவருடைய பெயர். அங்கே பயிற்சி பெற்று வீடு திரும்பியவர்கள் கூடும் ஒரு விழா ஆண்டுதோறும் நடக்கிறது. குடும்பத்தோடு வருகிறார்கள். பழைய டாக்டர்களைப் பார்த்து நலம் விசாரிக்கிறார்கள். அன்றைக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு விளையாட்டுப் போட்டியும் உண்டு.