மன்னன் போர்த்திய பட்டு

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களோடு நாளெல்லாம் மல்லாடும் எனக்கு, மன்னர் வரலாறுகளில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. ஆனால், சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜரின் வாழ்வைப் படித்தபோது, என் உள்ளம் ஒரு பட்டு மேலாடையில் சிக்கிக்கொண்டது.

ரோஜர் 1095-இல் பிறந்த நார்மானியன். முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்த சிசிலியை வென்றவன் அவன் தந்தை. ஐந்து வயதில் ரோஜர் அத்தந்தையை இழந்தான். தாய் அடெலைடு ஆட்சியைக் காத்து மகனிடம் அளித்தாள். 1130-இல், கிறிஸ்து பிறந்த நாளன்று, பலெர்மோ நகரில் அவன் முடி சூடினான்.

வென்றவன் கிறித்தவன், எனினும் தோற்றவரின் கலையை அவன் வெறுக்கவில்லை. அவன் அவையில் இலத்தீனும் கிரேக்கமும் அரபும் ஒருங்கே வழங்கின. அரபு அறிஞர் அல்-இத்ரீசி அவனுக்காக உலகப் படம் வரைந்தார். அரண்மனையோடு நெசவுச்சாலை வைத்து, துணியில் அரசன் புகழ் எழுதுவிப்பது முஸ்லிம் மன்னர்களின் வழக்கம். ரோஜரும் அவ்வழியே சென்றான்.

அங்கே உருவானதுதான் அந்த மேலாடை. செம்பட்டு, அதன்மேல் பொற்சரிகைப் பூத்தையலும் முத்துகளும். நடுவே ஒரு பேரீச்சமரம். இருபுறமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம். விளிம்பிலோ அரபு எழுத்தில் மன்னனுக்கு வாழ்த்து! ஹிஜ்ரி 528, அதாவது 1133–34, என்ற ஆண்டும் அதிலேயே உண்டு.

இந்த இடத்தில் ரோஜரைப் போற்றிவிட்டு எழுந்திருப்பேன். அடுத்த பக்கம் விடவில்லை. 1147-இல் அவன் கப்பற்படை கிரேக்க நாட்டின் தீப்சு, கொரிந்து நகரங்களைச் சூறையாடியது. பொன்னோடு பட்டு நெசவாளரையும் பிடித்து வந்தது. பலெர்மோவின் பட்டுத் தொழில் செழித்தது. அவர்களோ ஊர் திரும்பவில்லை. 1154-இல் ரோஜர் மறைந்தான்.

1194-இல் சிசிலி ஜெர்மானியப் பேரரசன் ஆறாம் ஹென்றியின் கைக்குப் போயிற்று. மேலாடையும் வடக்கே போயிற்று. அரபு வாழ்த்தைத் தோளில் தாங்கியே ஐரோப்பியப் பேரரசர்கள் முடி சூடினர். 1792 வரை அவ்வழக்கம் நீடித்தது. இன்று அது வியன்னாவில் காட்சிப்பொருள்.

நண்பர்களே! நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் விரும்பி வந்தவர்கள். விடுமுறை வந்தால் நமக்கு ரயில் உண்டு. கலை நாடு விட்டு நாடு செல்வது நன்றே. அது அன்பால் சென்றதா, சங்கிலியால் சென்றதா என்றும் நாம் கேட்க வேண்டாமா? மன்னன் பெயர் பட்டில் நிலைத்தது. நெய்தவர் பெயர் எங்கே?