சாவித்திரிபாய் புலே (1831–1897)

தில்லி சிவில் லைன்ஸில் 1978ல் தில்லி குழந்தைகள் நல மன்றம் தொடங்கிய 'பால்னா' இல்லத்தை நம் அங்கத்தினர் பலர் அறிந்திருப்பர். வளர்க்க வழியில்லாதவர்கள் சிசுவை விட்டுச் செல்ல அங்கு வாசலில் ஒரு தொட்டில் உண்டு. இதையொத்த காரியத்தை நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் முன்பே புணேயில் செய்தவர் சாவித்திரிபாய் புலே.

1831 ஜனவரி 3 அன்று சதாரா ஜில்லா நாய்காவ் கிராமத்தில், தோட்டக்கார வகுப்பில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் புலேயுடன் விவாகம். கணவரிடம் எழுதப் படிக்கக் கற்று, 1848ல் பெண்கள் பள்ளியின் ஆசிரியை ஆனார். வழியில் சிலர் சாணியும் சேறும் எறிவார்கள் என்பதால், மாற்றுப் புடவை ஒன்றும் கையோடு எடுத்துப் போவார்.

1856ல் விதவா விவாகச் சட்டம் வந்தும் பால்ய விதவைகளின் கதி மாறவில்லை. அவர்களில் ஒருத்தி கர்ப்பமானால், காரணமானவன் தப்பிவிடுவான். அவளோ சிசுவோ கிணற்றில் கிடக்கும். காசிபாய் என்ற பிராமண விதவை பெற்ற சிசுவைக் கொன்று, அந்தமான் தண்டனை பெற்றாள். மனம் பொறாத புலே தம்பதிகள் 1863ல் தம் வீட்டிலேயே சிசுஹத்தி தடுப்பு இல்லம் திறந்து, ஊரில் அறிவிப்பும் ஒட்டினர். ரகசியமாகப் பிரசவிக்கலாம், குழந்தையை எடுத்துப் போவதும் விட்டுப் போவதும் தாயின் இஷ்டம். ஜோதிராவ் பின்னாளில் தந்த கணக்குப்படி, வந்தவர்கள் 35 பிராமண விதவைகள். குழந்தைகளைப் பராமரித்தவர் சாவித்திரிபாய்.

அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. 1874ல் அங்கு ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த யஷ்வந்தைத் தம்பதிகள் ஸ்வீகாரம் எடுத்து, டாக்டராக்கினர். 1897ல் பிளேக் பரவியபோது புணேக்கு வெளியே யஷ்வந்த் வைத்தியசாலை நடத்தினார். ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பூசியைத் தன் உடலில் சோதித்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நோயுற்ற சிறுவனொருவனைத் தூக்கி வந்த சாவித்திரிபாயையும் நோய் பற்றியது. மார்ச் 10 அன்று காலமானார்.

தாய் தானே குழந்தையை ஒப்படைக்கவும், மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம் பெறவும் 2015ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் வழி செய்துள்ளது. அவமானத்துக்கு அஞ்சி ஓர் உயிர் போகக்கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

அன்று அடைக்கலம் தேடியவர்கள் நம் போன்ற வீட்டுப் பெண்கள். கதவைத் திறந்தவர்கள் நம் வகுப்பினர் அல்லர். அந்தக் கடன் நம் நினைவில் இருக்க வேண்டும்.