எனக்குப் பின் யார்? மகளுக்காக எழுதிய பெர்ல் பக்

நோபல் பரிசு பெற்ற பெர்ல் எஸ். பக் என்றதும் பலருக்கு ‘நல்ல நிலம்’ நாவல்தான் நினைவுக்கு வரும். சீனக் குடியானவன் வாங் லுங்கின் கதை அது. அதில் வாய் பேசாத மூத்த மகள் ஒருத்தி வருகிறாள். வெயிலில் உட்கார்ந்து துணித்துண்டு ஒன்றைத் திருகிக் கொண்டிருப்பாள். தான் செத்த பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை வாங் லுங்கைக் கடைசிவரை விடாது. அந்தக் கவலை நாவலாசிரியரின் சொந்தக் கவலை என்பது அப்போது வாசகர்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 1892-ஆம் ஆண்டு பிறந்த பெர்ல், சமய ஊழியர்களான பெற்றோருடன் கைக்குழந்தையாகச் சீனாவுக்குச் சென்று அங்கேயே வளர்ந்தவர். 1917-இல் வேளாண் நிபுணர் ஜான் லாசிங் பக்கை மணந்தார். 1920-இல் மகள் கேரல் பிறந்தாள். அதையொட்டிப் பெர்லின் கருப்பையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டதால், அதன் பிறகு அவருக்குக் குழந்தை இல்லை.

கேரல் அழகான குழந்தை. தோலில் சிரங்கு மட்டும் விடாமல் படுத்தியது. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நம் வீடுகளிலும் கேட்டுப் பழகிய ஆறுதல்தான் அது.

அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்தார். மினசோட்டாவின் மேயோ மருத்துவமனையிலும் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே சொல்லி அனுப்பினார்கள். வெளியே வரும் வழியில், ஜெர்மானிய உச்சரிப்புடன் பேசிய ஒரு மருத்துவர் அவரைத் தனியே அழைத்தார். இந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகள் போல ஆகாது, மருத்துவம் தேடி வாழ்க்கையையும் பணத்தையும் கரைக்காதீர்கள், அவள் மகிழ்ச்சியாக இருக்க ஓர் இடம் தேடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்த நேரத்தில் நெஞ்சைப் பிளந்த அந்த வார்த்தைகளுக்காகப் பெர்ல் பின்னர் வாழ்நாளெல்லாம் நன்றியோடிருந்தார்.

ஆனாலும் தாய் மனம் உடனே அடங்கவில்லை. சீனா திரும்பியதும் தாமே ஆசிரியையாகி மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் பென்சிலோடு இருந்த அந்தச் சின்னக் கையைப் பிடித்தபோது, உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. அம்மாவை மகிழ்விக்க மட்டுமே குழந்தை இவ்வளவு பாடுபடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டார். எந்த மருத்துவரும் செய்யாத மதிப்பீட்டை அன்று அவரே செய்துகொண்டார் எனலாம். மகளுக்குத் தேவை எழுத்து அல்ல, அமைதி.

1929-இல், நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வயது கேரலைச் சேர்த்தார். அதற்கு 2,000 டாலர் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஆயுள் முழுதும் கட்டணம் கட்டப் பணம் வேண்டும் என்பதே அவரை மும்முரமாக எழுத வைத்தது. 1931-இல் ‘நல்ல நிலம்’ வந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு, 1938-இல் நோபல் பரிசு.

அதே வைன்லண்டில்தான் 1935-இல் எட்கர் டால் என்ற உளவியலாளர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். தானே உண்கிறதா, உடுத்துகிறதா, தனியே வெளியே போய் வருகிறதா எனப் பிள்ளையை அன்றாடம் பார்ப்பவரிடமே கேட்டு, திறனையும் தேவையையும் கணிக்கும் முறை அது. திருத்தப்பட்ட வடிவில் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

மகளைப் பற்றிப் பெர்ல் வெளியே பேசவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதும் அந்தக் கதவு மூடியே இருந்தது. 1950-இல்தான் ‘வளராத குழந்தை’ என்று பொருள்படும் தலைப்பில் எல்லாவற்றையும் எழுதினார். அந்த வருமானத்தை வைன்லண்டுக்கே கொடுத்தார். ஒளித்து வைத்த துயரத்தோடு இருந்த பெற்றோரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அதே ஆண்டு மினியாபொலிஸ் நகரில் இத்தகைய பெற்றோர் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கமும் அமைத்தார்கள்.

கேரலுக்கு என்ன கோளாறு என்பது 1960களில்தான் தெரிந்தது. பினைல்கீட்டோனூரியா. உணவில் உள்ள புரதத்தின் ஒரு கூறை உடல் சிதைக்க முடியாமல் போய், அது மூளையைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு. இதைக் கண்டுபிடித்ததிலும் ஒரு தாய்க்குப் பங்குண்டு. நார்வேயின் போர்க்னி எகலாண்ட், தம் இரு பிள்ளைகளிடம் வீசிய விசித்திர வாடைக்குக் காரணம் கேட்டு விடாமல் அலைந்தார். அவர்களின் சிறுநீரைச் சோதித்த மருத்துவர் ஃபோலிங் 1934-இல் விடை கண்டார். இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தமே இதைக் காட்டிவிடும். உடனே உணவை மாற்றினால் மூளை தப்பும். கேரலுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

பெர்ல் 1973-இல் காலமானார். அவர் தத்தெடுத்து வளர்த்த மகள் ஜேனிஸ், அக்காவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இசைத்தட்டுகளைக் கேட்பதில் தனி இன்பம் கண்ட கேரல், தாய்க்குப் பின் மேலும் 19 ஆண்டுகள் வாழ்ந்து, 1992-இல் 72-ஆவது வயதில் மறைந்தார். வைன்லண்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.