மூச்சின் மருமம் கண்ட மேதை ஔதார் சிங் பெயின்டல்

றொசல்லப் புகையிரத நிலையத்தில் இறங்கி, மேட்டுப் பாதை வழியே லயத்தை நோக்கி விரைந்தேறும் மாணவன் பாதி வழியில் மூச்சிரைத்து நின்றுவிடுதல் நாம் அன்றாடம் காணும் காட்சியாகும். சற்று நின்றபின் அவன் மீண்டும் நடக்கிறான். அவனை நில் என்று பணித்தது எது? இவ்வினாவின் விடையைத் தேடி வாழ்நாளைச் செலவிட்ட நரம்பியல் அறிஞர் ஒருவரின் சரிதத்தை, நமது கல்லூரியின் இவ்விழா மலரிற் கூற விழைகின்றோம்.

ஔதார் சிங் பெயின்டல் 1925ஆம் ஆண்டு பர்மா தேசத்து மொகொக் என்னும் ஊரிற் பிறந்தார். மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன அம்மலையூர் மைந்தர் இலக்னோவில் வைத்தியக் கல்வி பயின்று தேறி, பின்னர் எடின்பரோ சர்வகலாசாலை சென்று, விற்றரிச் என்னும் பேராசிரியரிடம் உடற்றொழிலியல் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

உடலின் உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேகசு நரம்பு, ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் திரண்ட ஒரு கயிறு போன்றது. அவ்விழைகளுள் ஒன்றைத் தனியே பிரித்து, அதிற் செல்லும் மின்துடிப்பைப் பதிவு செய்தல் பொறுமையின் எல்லையைச் சோதிக்கும் வேலை. அவ்வேலையிற் பெயின்டல் கைதேர்ந்தார். இரைப்பை நிரம்பியதை மூளைக்கு அறிவிக்கும் வாங்கிகளைப்பற்றி அவர் 1954இல் வெளியிட்ட கட்டுரை, பசியும் தாகமும் தணியும் வகையை விளக்க முற்பட்டது.

அதற்கடுத்த ஆண்டு, நுரையீரலிலுள்ள வேறொருவகை வாங்கிகளைப்பற்றி அவர் எழுதினார். நுரையீரல் சுருங்கும்போது அவை தூண்டப்படுகின்றன எனக் கருதி, அக்கருத்திற்கேற்பப் பெயருமிட்டார். அக்கட்டுரை அவருக்குப் புகழைத் தந்தது. எனினும் அவர் அத்துடன் அமையவில்லை. மேலும் ஆராய்ந்தபோது, மயிர்த்துளைக் குழாய்களுக்கு அருகேயுள்ள இழையத்தில் நீர் மிகுதலே அவற்றின் உண்மையான தூண்டல் எனக் கண்டார். உடனே தாம் இட்ட பெயரைத் தாமே நீக்கி, அருகே என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தைக்கொண்டு ஜே வாங்கிகள் என வழங்கலானார். 1969இல் வெளிவந்த கட்டுரை இதனை நிலைநாட்டிற்று. இவ்வாங்கிகள் தூண்டப்படின் மூச்சு விரைந்தும் மேலோட்டமாயும் நிகழும், கைகாற்றசைகள் தளரும். மேட்டிலே நம்மை நிற்கச் செய்வதில் இவற்றுக்குப் பங்குண்டு என்பது அவர் கொள்கை.

தில்லியில் அகில இந்திய வைத்திய விஞ்ஞான நிறுவனத்திற் பேராசிரியராக விளங்கிய அவர், பின்னர் வல்லபாய் பட்டேல் மார்பு நிலையத்தின் பணிப்பாளராய்ப் பல்லாண்டு பணியாற்றினார். 1973இல் வேகசு நரம்பின் வாங்கிகள் அனைத்தையும்பற்றி அவர் எழுதிய நீண்ட மதிப்புரை, அத்துறையினர் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் நூலாயிற்று. 1981இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. 1986இற் பத்ம விபூஷண் விருதும், இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பதவியும் அவரை அடைந்தன.

அவ்வாண்டிலேயே அவர் செய்த மற்றொரு காரியம் நமது நெஞ்சைத் தொடுகின்றது. பிறர் ஆராய்ச்சியைத் திருடுவோரும் பொய்க் கணக்கெழுதுவோரும் விஞ்ஞான உலகிற் புகுந்தமை கண்டு வருந்திய அறிஞர்கள், விஞ்ஞான ஒழுக்கம் பேணும் சங்கமொன்றை நிறுவினர். அதன் முதற் றலைவர் பெயின்டலே. 2004ஆம் ஆண்டு திசெம்பரில் அவர் மறைந்தார்.

ஒருவரின் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் எனக் காட்டும் சுட்டி 1964இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியது. பெயின்டல் மறைந்த மறு ஆண்டில், ஹேர்ஷ் என்னும் பௌதிக அறிஞர், ஒருவரது ஆராய்ச்சிப் பணி முழுவதையும் ஒரே எண்ணால் அளக்கும் முறையைக் கூறினார். இன்று பதவியும் பணமும் இத்தகைய எண்களைப் பார்த்தே வழங்கப்படுதல் உண்டு.

எண் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நமது தோட்டங்களில் மாலைதோறும் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. நிறை குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேராகும் என்பதை நமது மாணவர்களின் தாய்மார் நன்கறிவர். ஆயினும், தராசு பாரத்தைக் காட்டுமேயன்றி, உள்ளேயிருப்பது இரண்டிலையும் ஒரு மொட்டுமா, முற்றிய இலையும் காம்புமா என்பதைக் காட்டாது. கூடையினுட் கைவிட்டுப் பார்ப்பவரே அதை அறிவர். முன்பொருகால், பிறர் கட்டுரையைப் பார்த்தெழுதிய மாணவனுக்கு எழுத்தழகு கண்டு மிகுபுள்ளி வழங்கி, தானே சிந்தித்துத் தடுமாறி எழுதியவனைக் கீழே தள்ளிய குற்றம் நமக்கும் உண்டு. அன்று நாமும் கூடையினுட் கைவிட்டுப் பார்க்கத் தவறினோம்.

மாணவர்களே, பெயின்டலின் கட்டுரைகளை எண்ணுவோர் எண்ணட்டும். தாம் அச்சிலேற்றிப் புகழ்பெற்ற சொல்லைத் தாமே திருத்திய அவர் நேர்மையை எந்தச் சுட்டியும் எண்ணிக் காட்டாது. நீங்கள் பெறும் புள்ளிகள் பலவாகுக. அவற்றினும் மேலாக, பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் துணிவு உங்களிடத்தே ஓங்குக. பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் இத்துணிவையே நமது கல்லூரியின் செல்வமாகப் பேணுவாராக.