முள் குத்திப் பார்த்த விஞ்ஞானி

நம் உடலுக்குள் ஒரு படை இருக்கிறது. நோய்க் கிருமி நுழைந்தால், ஓடிப் போய் அதை விழுங்கிவிடும். இந்தப் படையைக் கண்டுபிடித்தவர் மெச்னிகாப்.

இவர் 1845-ம் ஆண்டு கார்க்கோவ் நகருக்கு அருகே பிறந்தார். அப்போது அது ருஷியாவைச் சேர்ந்தது. இப்போது உக்ரேனில் இருக்கிறது. மகா புத்திசாலி. 4 ஆண்டுப் படிப்பை 2 ஆண்டில் முடித்தார். ஆனால் மனம் நொந்தால் தாங்கமாட்டார்.

1869-ல் லுட்மிலாவை மணந்தார். மணப்பெண்ணுக்குக் காசநோய். நடக்க முடியாது. நாற்காலியில் வைத்துத்தான் மாதா கோவிலுக்குத் தூக்கிச் சென்றார்கள்! ஊர் ஊராக அழைத்துப் போய் வைத்தியம் பார்த்தார். பலன் இல்லை. 1873-ல் அவள் இறந்தாள். துக்கம் தாளாமல் மெச்னிகாப் விஷம் சாப்பிட்டார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். 1875-ல் ஓல்காவை மணந்தார்.

ரோஜா முள்

1882-ம் ஆண்டு. இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊர். வீட்டார் எல்லோரும் குரங்கு சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மெச்னிகாப் மட்டும் மைக்ராஸ்கோப்பில் நட்சத்திர மீன் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற உடல். உள்ளே சில அணுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

திடீரென்று ஒரு யோசனை! தோட்டத்துக்கு ஓடினார். ரோஜா முள்ளைப் பறித்து வந்து, குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன!

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இப்படித்தான் கிருமிகளை விழுங்குகின்றன என்றார். டாக்டர்கள் பலர் நம்பவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்புவதாக அல்லவா அவர்கள் நினைத்திருந்தார்கள்! 1888-ல் பாரிஸ் நகரில் பாஸ்டர் இவருக்கு இடம் கொடுத்தார். 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு கிடைத்தது.

குடல் ஆராய்ச்சி

பிற்காலத்தில் குடலை ஆராய்ந்தார். பெருங்குடலில் கிருமிகள் உண்டாக்கும் விஷத்தால்தான் சீக்கிரம் கிழத்தனம் வருகிறது என்றார். பல்கேரியக் குடியானவர்களைப் போல, தாமும் தினம் புளித்த பால் சாப்பிட்டார். அது சரி. பெருங்குடலே வேண்டாத உறுப்பு என்றாரே, அதுதான் பெரிய பிசகு! அதே காலத்தில் லண்டன் சர்ஜன் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலை வெட்டியே எடுத்தார்.

குடல் கிருமிகளில் பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள் என்று இப்போது தெரிகிறது. சிலருக்கு, காக்க வேண்டிய படையே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. வயிற்றுவலி, பேதி, உடல் இளைப்பு. கிரோன் நோய் இந்த வகை. கிருமியை அடையாளம் காண உதவும் ஒரு மரபணுவில் உள்ள கோளாறுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2001-ல் கண்டார்கள். நோயை அடக்க மருந்துகள் உண்டு. அடியோடு தீர்க்கும் மருந்துக்காக ஆராய்ச்சி நடக்கிறது.

மெச்னிகாப் 1916-ல், 71-வது வயதில், பாரிசில் காலமானார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் வைக்கப்பட்டது.