வானத்தை அளந்த ஆசிரியை: மரியா மிட்செல்

1818இல் அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவில் பிறந்த மரியா மிட்செல், 1847இல் வால்வெள்ளியொன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றார். 1865இல் வாசர் பெண்கள் கல்லூரியின் வானியற் பேராசிரியையானார். கல்லூரி வான்காணகத்திலேயே வசித்த அவர், வியாழனையும் சனியையும் மாணவிகள் தாமே அவதானித்து, அளந்து, குறிப்பெழுதப் பழக்கினார்.

1873இல் பொஸ்ரன் வைத்தியர் எட்வேட் கிளாக், உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என நூலெழுதினார். மிட்செலின் மாணவிகள் செயலால் விடையளித்தனர். 1878இல், அறுபதை எட்டவிருந்த ஆசிரியையுடன் பழைய மாணவிகள் டென்வர் வரை ரயிலில் சென்று, முழுச் சூரிய கிரகணத்தை அவதானித்தனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் வைத்தியரானார்.

1889இல் மிட்செல் மறைந்தார். அவர் திறந்த வழியால் வந்தவர்களுள் பெண் வைத்தியர்களாகிய நாமும் அடங்குவோம்.